ஃபோனிக்ஸ் வகுப்பில் சேர்ப்பதற்கு முன்னால்

எங்கள் பக்கம் மாங்காய் சீசன் முடிவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். திறந்த கையோடு ஃபோனிக்ஸ், அதாவது எழுத்துகளின் ஒலியைக் கூட்டி ஆங்கிலம் படிக்கச் சொல்லித் தருகிற வகுப்பு, அதன் நோட்டீஸும் வந்துவிடும். காவேரிப்பட்டணம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் டீக்கடைச் சுவரில், ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியில், அப்புறம் தெரிந்தவர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், எங்கே பார்த்தாலும் ஒரே மாதத்தில் உங்கள் பிள்ளை சரளமாக ஆங்கிலம் படிக்கும் என்று ஒரு விளம்பரம், அதில் கண்ணாடி போட்ட ஒரு குழந்தை. கட்டணத்தைக் கேட்டால், மாங்கூழ் ஃபேக்டரிக்கு சீசன் வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அது பல நாள் கூலி. இருந்தும் கட்டுகிறார்கள், தனக்கு வராதது பிள்ளைக்காவது வரட்டுமே என்று.

"அக்கா, சேர்த்துவிடலாமா?" என்று கேட்கிறவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். பிள்ளைக்குத் தமிழில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்றால் ஃபோனிக்ஸில் பாதி வேலை முடிந்துவிட்டது. மீதிப் பாதிக்கு வீட்டில் தினமும் கால் மணி நேரமும் ஒரு கோடு போட்ட நோட்டும் போதும். ஆனால் இங்கிலாந்துப் பிள்ளைக்கு எழுதிய பாடத்தை அப்படியே நம் பிள்ளைமேல் ஓட்டினால் நடுவில் முட்டி நிற்கும், ஏனென்றால் நம் வாயில் இருக்கிற ஒலிகள் வேறு. இங்கே நடக்கிற வகுப்புகள் பலவற்றில் அந்த இங்கிலாந்துப் பாடத்தைத்தான், பாட்டு, சைகை எல்லாவற்றோடும் சேர்த்து ஓட்டுகிறார்கள்.

என்னைப் பற்றி: ஃபோனிக்ஸ் சான்றிதழ் எதுவும் என்னிடம் கிடையாது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு 2021 இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன், அந்தப் பழக்கத்தில் இப்போதும் சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லித் தருகிறேன். நிறையப் பேருக்கு அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, ஆயாதான் பார்த்துக்கொள்கிறது. சில பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, சில பிள்ளைகள் வீட்டில் கன்னடம். இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அது சாதாரணம், வேப்பனப்பள்ளி, சூளகிரி, தளி என்று எல்லைப் பக்கம் போகப் போக இன்னும் அதிகம். இந்தத் தெலுங்கு, கன்னட விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இன்னொன்று, ஆங்கில எழுத்துகளின் பெயரையும் தமிழிலேயே எழுதிக்கொண்டு போகிறேன், விசைப்பலகையை மாற்றி மாற்றித் தட்டப் பொறுமை இல்லை. வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிடும்.

சரி. ஐந்தாவது படிக்கிற பிள்ளைகூட ஏ-யில் தொடங்கி இசட் வரை பாட்டாகப் பாடிவிடும். ஹெச்-ஏ-டி என்று எழுதிக் காட்டினால் முழிக்கும். தப்பு பிள்ளைமேல் இல்லை. ஹெச், ஏ, டி என்ற பெயர்களை எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'ஹெச்சேடி' என்றுதான் வரும், தொப்பி வராது. டபிள்யூ என்ற பெயரில் வ எங்கே இருக்கிறது? ஒய் அதைவிட மோசம், பெயரைச் சொல்லும்போது வாயில் வருவது வ, அந்த எழுத்து தருகிற ஒலி ய். மனைவிக்கு ஆங்கிலத்தில் ஒய்ஃப், எழுது என்றால் ஒய், எஃப் என்று இரண்டே எழுத்தில் முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். காதில் விழுந்ததை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறார்கள், பெயர்தான் ஏமாற்றிவிட்டது.

தமிழில் இப்படி நாம் சொல்லித் தருவதில்லை. அம்மா என்று படிக்க 'ஆனா, இம்மன்னா, மாவன்னா, அம்மா' என்று யாராவது சொல்லித் தந்தால் சிரிப்போம். ஆனால் 'சி-ஏ-டி, கேட்' என்பது அச்சு அசல் அதேதான். தமிழ் வகுப்பில் க் + ஆ = கா என்று பலகையில் எழுதிய அதே டீச்சர் அடுத்த பீரியடில் ஆங்கிலப் புத்தகத்தை எடுத்ததும் எழுத்தின் பெயருக்குப் போய்விடுகிறார்.

க் + ஆ = கா. இதைத்தான் ஃபோனிக்ஸ் வகுப்பில் பெரிய வித்தையாகச் செய்கிறார்கள்: ஒலியைத் தனியாகச் சொல்லு, அடுத்த ஒலியோடு சேர். 12 உயிரும் 18 மெய்யும் சேர்ந்து 216 வரும் என்று ஒன்றாம் இரண்டாம் வகுப்பிலேயே பழகிய பிள்ளைக்கு சேர்ப்பது என்றால் என்ன என்று புதிதாகச் சொல்ல வேண்டியதே இல்லை. இங்கிலாந்துப் பிள்ளைக்குத்தான் அது புதிது. அவர்களுடைய பயிற்சிப் புத்தகங்களில் டீச்சருக்கு ஒரு எச்சரிக்கை திரும்பத் திரும்ப வரும், பி என்பதை 'ப' என்றோ 'பு' என்றோ வால் வைத்துச் சொல்லாதீர்கள், ஒலியை மட்டும் சொல்லுங்கள் என்று. அந்த வால் இல்லாத ஒலிக்கு நம்மிடம் எழுத்தே இருக்கிறது, மேலே ஒரு புள்ளி வைத்தால் முடிந்தது.

எங்கே தொடங்குவது என்பதில் மட்டும் அவர்கள் வழி எனக்குப் பிடிக்கும். ஏ, பி, சி வரிசையில் போவதில்லை. எஸ், ஏ, டி, பி, ஐ, என், இந்த ஆறு ஒலியோடு தொடங்குவார்கள், ஏனென்றால் இந்த ஆறை வைத்தே சிட், பின், டின், நிப், டிப், ஸ்பின் என்று நிறையச் சொல் கட்டலாம். முதல் வாரமே பிள்ளை சொந்தமாக ஒரு சொல்லைப் படித்துவிடும். மருந்துக் கடைக் காலண்டரின் பின் அட்டையை வெட்டி எழுத்து எழுதிக் கொடுங்கள், தரையில் நகர்த்தி நகர்த்திச் சேர்க்கட்டும். ஸ்... இ... ட்... என்று நீட்டி, கடைசியில் ஒரே மூச்சில் சிட்.

இங்கே ஒரு தொல்லை வரும். பி என்று தமிழில் எழுதினேனே, எந்த பி? டி என்றால் எந்த டி? தமிழில் எழுதும்போது இரண்டு ஜோடியும் ஒன்றாகிவிடுகிறது. எங்கள் திண்ணையில் பஸ் பி, பேனா பி, டாக்டர் டி, டிவி டி என்று பெயர் வைத்திருக்கிறோம், இந்தப் பதிவிலும் தேவைப்பட்டால் அப்படியே சொல்கிறேன். மேலே சொன்ன ஆறில் வருவது பேனா பி-யும் டிவி டி-யும்.

பஸ், பேனா, இரண்டையும் நாம் ப போட்டுத்தான் எழுதுகிறோம், ஆனால் வாய் வேறு வேறு ஒலியைத்தான் சொல்கிறது. பம்பரம் என்று சொல்லிப் பாருங்கள், முதல் ப வேறு, நடு ப வேறு. தமிழ்ப் பிள்ளைக்கு அது தெரியாமலே வருகிறது, எழுத்து ஒன்றாக இருப்பதால் காது அதைக் கவனிப்பதில்லை. குண்டூசியும் பின், குப்பைத் தொட்டியும் பின். டிக்டேஷனில் பிக் என்று சொன்னால் பாதிப் பேர் பன்றி எழுதுவார்கள், பாதிப் பேர் பெரியது எழுதுவார்கள். தெலுங்கோ கன்னடமோ பேசுகிற வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் குழப்பமே வருவதில்லை, அந்த மொழிகளில் இரண்டும் தனித்தனி எழுத்து, பிறந்ததிலிருந்து அந்த வித்தியாசத்தைக் கேட்டே வளர்ந்த காது. தமிழ் டிக்டேஷனில் தடுமாறுகிற பிள்ளை இந்த ஒரு இடத்தில் எல்லோரையும் முந்திவிடும். அதனால் அவர்களைத்தான் பக்கத்தில் உட்கார வைத்து மற்றவர்களுக்குச் சொல்லித் தரச் சொல்வேன். பள்ளியில் ஓரமாக உட்கார்ந்திருக்கிற பிள்ளை டீச்சர் ஆகிவிடும். அதற்காகவே இந்தப் பாடத்தைக் கொஞ்சம் இழுத்து நடத்துவேன் என்பது வேறு விஷயம்.

பெரிய கண்டம் ஆப்பிளின் முதல் ஒலி. தமிழில் அதற்கு எழுத்து கிடையாது. கேட் என்று நாம் எழுதினால் அது பூனையாகவும் இருக்கலாம், வாசல் கதவாகவும் இருக்கலாம். எழுத்தில் மட்டும் என்றால் பரவாயில்லை, வாயிலும் இரண்டின் நடு ஒலியையும் ஒரே மாதிரி சொல்கிறோம், பிறகு டிக்டேஷனில் பிள்ளை எதை எழுதும்? வாயை ஆ-வுக்குத் திறந்து வைத்துக்கொண்டு எ சொல்லச் சொல்லுங்கள், ஆட்டுக்குட்டி கத்துகிற மாதிரி ஒன்று வரும், அதுதான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும், சிரிக்கட்டும், மறக்காது. அப்புறம் மென், மேன், பென், பேன், பெட், பேட் என்று ஜோடி ஜோடியாகச் சொல்லி எது ஆட்டுக்குட்டி என்று கை தூக்கச் சொல்ல வேண்டும். எழுதாமல், வெறும் காதால். காது பிரிக்காததைக் கை பிரிக்காது.

அடுத்தது நாம் கடைசியில் ஒட்டுகிற உ. பஸ்ஸு, கப்பு, பல்பு. பேச்சில் அது நம் இயல்பு, ஒன்றும் குற்றமில்லை. ஆனால் ஒலியைக் கேட்டு எழுது என்று சொல்லித் தந்த பிள்ளை கப்பைக் கேட்டபடி எழுதும்போது கடைசியில் ஒரு யூ வந்து உட்கார்ந்துகொள்ளும். திட்டாதீர்கள், "கடைசி எழுத்துக்குப் புள்ளி இருக்கா இல்லையா?" என்று மட்டும் கேளுங்கள், அதுவே அழித்துவிடும். முதலில் வருகிற எ, ஒ-வுக்கும் இதே கதை, முட்டையை யெக் என்று சொல்லி ஒய் போட்டுத் தொடங்கும், திற என்பதை வோபன் என்று சொல்லி டபிள்யூ போடும். இப்படி நான் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு பையன், ஒன்று என்பதற்கு இங்கிலீஷில் வன் என்றுதானே சொல்கிறோம், அதில் மட்டும் ஏன் டபிள்யூ இல்லை என்று கேட்டான். நல்ல கேள்வி. அந்தச் சொல்லைத் தூக்கி மனப்பாடப் பட்டியலில் வைத்தோம்.

நமக்கு லாபமான இடமும் இருக்கிறது. இங்கிலாந்தின் பெரும்பகுதியில் கார் என்பதைக் கா என்றே முடித்துவிடுவார்கள், டாக்டர் என்பதிலும் கடைசி ர் வாயில் வராது. அங்கே பிள்ளைக்கு அந்த ஆர் போட வைப்பதே தனிப் பாடம். நாம் அழுத்தம் திருத்தமாக ர் சொல்கிறவர்கள், எழுத்திலும் தானாக வந்துவிடும். அந்தப் பாடத்தை இங்கேயும் வாரக் கணக்கில் நடத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

இப்போது விதிகள். ஆங்கிலத்தில் 26 எழுத்து, ஒலி சுமார் 44. ஐந்து உயிரெழுத்தை வைத்துக்கொண்டு இருபது உயிரொலி வரை சமாளிக்கிறார்கள். அதனால்தான் விதி மேல் விதி. எல்லாவற்றையும் பிள்ளை தலையில் ஏற்ற வேண்டியதில்லை. 1963 இல் தியோடர் கிளைமர் என்ற அமெரிக்கர், பள்ளிகளில் சொல்லித் தந்த 45 விதிகளை எடுத்து, பிள்ளைகளின் பாடப் புத்தகச் சொற்களில் எத்தனையில் அவை உண்மையாகவே பலிக்கின்றன என்று எண்ணிப் பார்த்தார். இரண்டு உயிரெழுத்து பக்கத்தில் பக்கத்தில் வந்தால் முதலாவது தன் பெயரைச் சொல்லும், இரண்டாவது சும்மா இருக்கும் என்று ஒரு விதி, பாட்டாகவே இருக்கிறது. அது பலித்தது பாதிக்கும் குறைவான சொற்களில். மழைக்கும் படகுக்கும் சரியாக வரும், ரொட்டிக்கும் தலைக்கும் காலை வாரிவிடும். அறுபது வருஷத்துக்கு முன்னால் எண்ணிச் சொல்லியாகிவிட்டது, இன்னும் அந்தப் பாட்டு இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் வைத்திருப்பது கொஞ்சம்தான். கடைசியில் வருகிற ஈ என்ற எழுத்து வாய் திறக்காது, ஆனால் முன்னால் இருக்கிற உயிரைத் தன் பெயரைச் சொல்ல வைக்கும்: பின் என்பதோடு ஈ சேர்ந்தால் பைன், ஹாப் என்பதோடு சேர்ந்தால் ஹோப். ஆங்கிலச் சொல் பொதுவாக வி-யில் முடியாது, அதனால் ஹேவ், கிவ், லவ் போன்றவற்றின் கடைசியில் இருக்கிற ஈ சும்மா முட்டுக் கொடுக்க வந்தது, அது எதையும் மாற்றாது. சின்னச் சொற்களில் குறிலுக்குப் பின்னால் க் வந்து சொல் முடிந்தால் சி-கே, இல்லாவிட்டால் வெறும் கே. சி-க்குப் பின்னால் ஈ, ஐ, ஒய் வந்தால் ஸ், மற்றபடி க். இந்தக் கடைசி விதி கிட்டத்தட்ட ஏமாற்றவே ஏமாற்றாது. ஜி-க்கும் அதே மாதிரி ஒன்று சொல்வார்கள், ஈ, ஐ, ஒய் வந்தால் ஜ் என்று. கெட், கிவ், கேர்ள் என்று தினமும் வருகிற சொற்களே அதை மீறுவதால் அதை நான் விதி என்று சொல்வதில்லை, இப்படியும் வரலாம் என்று சொல்லி விட்டுவிடுவேன். வகுப்பில் போய் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பெண் பிள்ளை பஸ் போர்டைப் பார்த்து "கிருஷ்ணஜிரி" என்று படித்தாள். விதிப்படி சரிதான்.

குறில் நெடில் என்று நான் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை. தமிழில் அ நீண்டால் ஆ, அதே ஒலிதான். ஆங்கிலத்தில் நெடில் என்பது வேறு ஒலி, ஐ-யின் குறில் இ, நெடில் ஐ. ஏ-யின் குறில் ஆட்டுக்குட்டி, நெடில் ஏ. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு குழப்பமில்லை.

இதை வைத்து எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். ரன் என்பதோடு இங் சேர்த்தால் ஏன் இரண்டு என், ரீட் என்பதோடு சேர்த்தால் ஏன் ஒரே டி? ஒரு குறில், அதன் பின்னால் ஒரே மெய், அப்புறம் உயிரில் தொடங்குகிற ஒட்டு வந்தால் மெய் இரட்டிக்கும். இதை ஆங்கில டீச்சர்கள் தனியாக ஒரு பெயர் வைத்துப் பாடமாக நடத்துகிறார்கள். எட்டாவது ஒன்பதாவது படித்தவர்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், 'தனிக்குறில் முன்ஒற்று உயிர்வரின் இரட்டும்', நன்னூல். கண் + ஐ = கண்ணை. தேன் + ஐ = தேனை. முன்னது குறில், இரட்டித்தது. பின்னது நெடில், இரட்டிக்கவில்லை. கண் + கள் என்றால் கண்கள்தான், ஏனென்றால் வந்தது உயிர் இல்லை. ஆங்கிலத்திலும் அப்படியே, சோகம் என்று பொருள் வருகிற சேட் என்பதோடு ஈ-ஆர் சேர்ந்தால் டாக்டர் டி இரண்டாகும், எல்-ஒய் சேர்ந்தால் ஒன்றாகவே நிற்கும். சிறிய சொற்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். நான் பார்த்த எந்த ஃபோனிக்ஸ் புத்தகத்திலும் இந்த நன்னூல் ஒப்புமை இல்லை, அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். தமிழ்ப் புணர்ச்சி பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டு, அப்ப இங்கிலீஷும் நன்னூல் பார்த்துத்தான் எழுதினாங்களா என்றான்.

இதே விதி நம் ஊருக்கென்றே உள்ள ஒரு தப்பையும் சரி செய்யும். ரைட்டிங், ஈட்டிங் என்று தமிழில் நாம் ட்ட போட்டுத்தான் எழுதுகிறோம், ஒற்றை ட போட்டால் டாக்டர் டி-யாகிவிடும். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் டிவி டி-யை இரண்டாகப் போட்டுவிடுகிறார்கள், பிள்ளைகள் மட்டுமில்லை, கடை போர்டுகளிலும் பார்க்கலாம். முன்னால் இருப்பது ஐ என்ற நெடில், நெடிலுக்குப் பின் இரட்டிக்காது என்று காட்டிவிட்டு, ரிட்டன் என்பதில் இ குறிலாகிவிட்டதால் அங்கே இரட்டித்திருக்கிறது பார் என்று பக்கத்தில் எழுதினால் போதும்.

கத்தியின் முன்னால் இருக்கிற கே எதற்கு என்று எல்லாப் பிள்ளையும் கேட்கும். ஒரு காலத்தில் அந்த க்-ஐ வாய்விட்டுச் சொன்னார்கள். இங்கிலாந்தில் 1476 இல் வில்லியம் கேக்ஸ்டன் அச்சகம் வைத்தார், அச்சு பரவப் பரவ எழுத்து ஒரு வடிவத்தில் நின்றுவிட்டது, பேச்சு மட்டும் மாறிக்கொண்டே போனது. நாமும்தான் ஐந்து என்று எழுதிவிட்டு அஞ்சு என்கிறோம், வைத்தார்கள் என்று எழுதிவிட்டு வச்சாங்க என்கிறோம். இப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறார்கள், அது ஏதோ முட்டாள்தனம் என்று கோபப்படுவதில்லை.

விதிக்கு அடங்காத தினசரிச் சொற்களைத் தனியாகத்தான் பழக வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் முழுச் சொல்லையும் படம் மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டாம். செட் என்ற சொல்லில், 'சொன்னான்' என்று பொருள் வருகிற அந்த செட்டில், முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒழுங்கானவை, நடுவில் இருக்கிற ஏ-ஐ மட்டும்தான் வம்பு. அந்த இரண்டு எழுத்தை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுதினால் வேலை பாதியாகிவிடும். பத்து முறை இம்பொசிஷன் எழுதச் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். பத்து முறை எழுதுகிற பிள்ளை மூன்றாவது முறையிலிருந்து எதையும் பார்ப்பதில்லை, கை மட்டும் ஓடுகிறது.

படிக்க வந்துவிட்டால் எழுதவும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள், இதில்தான் பெற்றோருக்குப் பொறுமை போய்விடுகிறது. ஈ-ஏ என்று பார்த்தால் பெரும்பாலும் ஈ என்று படித்துவிடலாம். ஈ என்ற ஒலியைக் கேட்டு எழுத வேண்டும் என்றால் ஈ-ஈ போடுவதா, ஈ-ஏ போடுவதா, ஐ-ஈ போடுவதா, ஒய் போடுவதா? இதற்கு விதி கை கொடுக்காது, ஒரே மாதிரி எழுதுகிற சொற்களைக் கூட்டமாகச் சேர்த்துப் பழகுவதுதான் வழி. ஒரு நாள் முழுக்க ஈ-ஏ சொற்கள் மட்டும், கடல், தேநீர், இறைச்சி, இலை. கலந்து கொடுப்பது பிறகு. டிக்டேஷன் சொல்லும்போது சொல்லைக் கேட்டதும் பேனாவைத் தொட விடமாட்டேன், முதலில் எத்தனை ஒலி என்று விரல் மடக்கிக் காட்ட வேண்டும். மடக்கிய விரலுக்கு ஒவ்வொரு ஒலியாக எழுத வேண்டும். மீன் என்பதற்கு மூன்று விரல், எழுத்து நான்கு, ஷ் என்பதற்கு இரண்டு எழுத்து. அது புரிந்த நாளிலிருந்து எழுத்து விட்டுப்போவது குறைந்துவிடும்.

வகுப்புக்குப் போன பிள்ளைக்கு உண்மையாகவே வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. இங்கிலாந்து அரசுப் பள்ளிகளில் 2012 முதல் ஒன்றாம் ஆண்டு முடிவில் ஒரு சோதனை வைக்கிறார்கள், 40 சொற்கள், அதில் 20 அர்த்தமே இல்லாத கட்டுச் சொற்கள். மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே மாட்டிக்கொள்ளும், ஒலி கூட்டத் தெரிந்த பிள்ளை படித்துவிடும். நீங்களும் மிப், வெம், லுப் என்று வாய்க்கு வந்ததை எழுதிக் காட்டுங்கள். படங்களோடு வருகிற பாடப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிக்கிற பிள்ளை இதில் நின்றுவிட்டால், அது இதுவரை படித்தது எழுத்தை இல்லை, படத்தை.

பஸ் போர்டுகளைச் சும்மா விடாதீர்கள். பாலக்கோடு என்பதை ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா, கடைசியில் சி-ஓ-டி-ஈ. சி-க்குப் பின்னால் ஓ, அதனால் க். கடைசி ஈ வாய் திறக்காமல் ஓ-வை நெடிலாக்கிவிட்டது. இரண்டு விதி ஒரே ஊரில். ஓசூருக்கு ஏன் முன்னால் ஹெச் என்று கேட்டால் கன்னட வீட்டுப் பிள்ளை பதில் சொல்லிவிடும், அவர்கள் வாயில் அது ஹொசூரு. ஆனால் ஊத்தங்கரையில் வருகிற டிவி டி-ஹெச் ஆங்கிலத்தில் வருகிற அந்த டி-ஹெச் இல்லை, தர்மபுரியில் வருகிற டாக்டர் டி-ஹெச்சுக்கு ஆங்கிலத்தில் விதியே கிடையாது, ழ-வுக்குப் போடுகிற இசட்-ஹெச்சும் அப்படித்தான். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியது, அது தனிக் கணக்கு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். யாழினி என்ற பெயருள்ள பிள்ளை தன் பெயரை வைத்து ஃபோனிக்ஸ் பழகினால் குழம்பத்தான் செய்யும்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு சின்ன வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலை பார்த்துப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். உங்கள் பிள்ளை எதில் இருக்கிறது என்று டீச்சரிடம் கேளுங்கள், தமிழிலேயே அரும்பில் இருந்தால் ஆங்கில ஃபோனிக்ஸுக்கு இப்போது அவசரமில்லை. மூன்று வயதுக் குழந்தையைக் கொண்டுபோய் உட்கார வைக்கிறவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன், கதை சொல்லுங்கள், பாட்டுப் பாடுங்கள், காது பழகட்டும்.

அப்புறம், படிப்பது வேறு, புரிவது வேறு. ஒரு ஆயா வந்து, "ஏம்மா, பொண்ணு நல்லா வாசிக்குது, எப்ப பேசும்?" என்று கேட்டது. ஒலி கூட்டுவது வாசல் வரைக்கும்தான் கொண்டுபோகும். ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் அர்த்தம் கேளுங்கள், அந்தச் சொல்லை வைத்து ஏதாவது ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள், பாதி தமிழ் கலந்திருந்தாலும் சரி. புத்தகம் வாங்கப் போகிறவர்கள் வழவழப்பான அட்டையைப் பார்த்து ஏமாறாமல், கடையிலேயே நின்று இரண்டு பக்கம் புரட்டிப் பாருங்கள். பிள்ளைக்குத் தெரிந்த ஒலிகளில் அமைந்த சொற்கள்தான் பெரும்பாலும் வருகின்றன என்றால் வாங்குங்கள், முதல் வரியிலேயே யானை, முதலை, வண்ணத்துப்பூச்சி என்று நீளமாகத் தொடங்கினால் அதை அடுத்த வருஷத்துக்கு விட்டுவிடுங்கள்.